ஒரு சாண் பெரிய பானெட்

அப்பா ஓட்டிய லாரியில் எங்களுக்கு மிச்சமிருப்பது ஒரே ஒரு போட்டோ. ஆயுத பூஜை அன்று எடுத்தது. முன்னால் இரண்டு பக்கமும் வாழைக்கன்று, கண்ணாடியில் சந்தனப் பொட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம். அப்பா டிரைவர் பக்கக் கதவில் கை வைத்து நிற்கிறார். எனக்கு அப்போது ஆறு வயது, படியில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த வண்டியை 1:24 அளவில், அதாவது நிஜத்தில் 24இல் ஒரு பங்காக, மாடலாகச் செய்து முடிக்க எனக்கு ஏழு மாதம் ஆனது. எப்படிச் செய்தேன், எங்கே தப்பு செய்தேன் என்பதை எழுதி வைக்கிறேன். நம் ஊர் லாரி ஒன்றைச் செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்கு உதவும்.

வண்டி டாடா 1210 எஸ்.இ. எஞ்சின் பாதி வெளியே மூக்காகவும் பாதி கேபினுக்குள்ளும் இருக்கும் அந்தக் குட்டை மூக்கு லாரி. 1210 என்பதில் முதல் இரண்டு எண் 12 டன் மொத்த எடையையும், அடுத்த இரண்டு எண் 100 குதிரைத்திறன் என்ற கணக்கையும் குறிக்கும். மெர்சிடிஸ் பென்ஸிடமிருந்து வந்த பெயர் வைக்கும் முறை அது. ஜாம்ஷெட்பூரில் டாடாவின் டெல்கோ நிறுவனம் (இப்போதைய டாடா மோட்டார்ஸ்) 1954இல் டைம்லர் பென்ஸுடன் 15 வருட ஒப்பந்தம் போட்டு லாரி செய்யத் தொடங்கியது. 1969இல் ஒப்பந்தம் முடிந்ததும் முகப்பிலிருந்த மூன்று முனை நட்சத்திரம் போய், வட்டத்துக்குள் டாடாவின் ‘டி’ வந்தது. ஆனால் எங்கள் ஊர் டிரைவர்கள் வாயில் பென்ஸ் போகவே இல்லை. அப்பாவும் கடைசி வரை ‘பென்ஸ் வண்டி’ என்றுதான் சொன்னார்.

கடையில் பாகம் பாகமாகக் கிடைக்கும், ஒட்டிச் சேர்க்கிற லாரி மாடல் கிட்டுகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய, அமெரிக்க டிரெய்லர் வண்டிகள். 1:24, 1:25 அளவுகளில் நல்லதாகவே வருகின்றன. நான் தேடிய வரை 1210க்கு எதுவும் அகப்படவில்லை. அதனால் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் தகட்டிலிருந்தே வெட்டிச் செய்வது என்று முடிவு செய்தேன். 1:87 அளவில் செய்தால் உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆனால் எனக்கு ஸ்பிரிங் பட்டைகளைத் தனித்தனியாக அடுக்க வேண்டும், கேபினுக்குள் எஞ்சின் மூடி தெரிய வேண்டும். அதற்கு 1:24தான் சரி.

அளவு எடுக்க ஒரு எளிய வழி இருக்கிறது. பழைய போட்டோவில் எதன் நிஜ அளவு தெரியுமோ, அதை ஸ்கேலாக வைத்துக்கொள்ள வேண்டும். இந்த வண்டியில் 9.00-20 டயர். அதன் விட்டம் சுமார் 1018 மி.மீ. போட்டோவில் பின் டயர் எத்தனை மி.மீ. என்று அளந்து, மற்ற எல்லாவற்றையும் அந்த விகிதத்தில் கணக்குப் போட்டேன். மாடலில் டயர் 42.4 மி.மீ., முன் பின் ஆக்சிலுக்கு இடையே நிஜத்தில் சுமார் 4.2 மீட்டர், மாடலில் 175 மி.மீ. போட்டோ பக்கவாட்டில் நேராக எடுத்ததாக இருந்தால் இது நன்றாக வேலை செய்யும். என்னுடையது முன்னால் மூலையிலிருந்து எடுத்தது. மூக்குப் பகுதியை மட்டும் கணக்கில் பிடிக்க முடியவில்லை. அதை நினைவிலிருந்தே செய்துவிடலாம் என்று விட்டேன். அந்த முடிவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சேசிஸ், வண்டியின் அடிச்சட்டம். 1 மி.மீ. ஸ்டைரின் பிளாஸ்டிக் தகட்டில் இரண்டு நீளச் சட்டங்கள், குறுக்கே ஐந்து. ‘ப’ வடிவச் சட்டத்தை மூன்று துண்டுகளாக ஒட்டினேன். ரிவெட் தலைகளுக்குப் பல் குத்தும் குச்சியின் முனையில் ஃபெவிகால் தொட்டுத் தொட்டு வைத்தால் போதும், காய்ந்ததும் உருண்டையாக நிற்கும். ஒரே அளவில் வர வேண்டுமென்றால் ஒரு தொடலுக்கு ஒரு பொட்டுதான். இரண்டாவது வைத்தால் சப்பையாகிவிடும்.

ஸ்பிரிங் பட்டைதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை. நிஜப் பட்டை சுமார் 70 மி.மீ. அகலம், மாடலில் 3 மி.மீ. 0.5 மி.மீ. தகட்டில் கீற்றுகளாக வெட்டி, வெந்நீரில் தோய்த்து, மருந்து பாட்டில் மேல் வைத்து வளைத்தேன். ஒவ்வொன்றும் மேலே இருப்பதைவிடக் கொஞ்சம் நீளம் குறைவு. பின்னால் பெரிய கட்டுக்கு மேல் ஹெல்பர் பட்டை ஒன்று உண்டு. லோடு ஏறி வண்டி அமுங்கினால்தான் அது வேலைக்கு வரும், காலி வண்டியில் தொடாமல் நிற்கும். நான் காலி வண்டியைத்தான் செய்கிறேன், அதனால் பின்பக்கம் தூக்கலாக, ஹெல்பருக்கும் அதைத் தாங்கும் முட்டுக்கும் நடுவே ஒரு மி.மீ. இடைவெளி விட்டேன். சரக்கு இறக்கிவிட்டு வீட்டுக்கு வரும் லாரி அப்படித்தான் பின்னால் எம்பிக்கொண்டு, கடகடவென்று பாடி ஆட வரும். அந்தச் சத்தத்தை வைத்தே அம்மா உலை வைப்பார். (எங்கள் பக்கம் கொல்லர்கள் இந்தப் பட்டையில்தான் அருவாள் அடிப்பார்கள். வீட்டில் இருக்கும் தேங்காய் அருவாளும் ஏதோ ஒரு லாரியின் பட்டைதான்.)

சக்கரம் வைத்ததும் மாடல் ஒரு மாதம் வெறும் சேசிஸாக மேஜையில் நின்றது. தினமும் அதைப் பார்க்கும்போது சேலம் - நாமக்கல் ரோட்டிலிருக்கும் ஆண்டகளூர் கேட் ஞாபகம் வந்தது. அது அப்போது ஏழாம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை, இப்போது 44. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வரிசையாக நான்கைந்து மொட்டைச் சேசிஸ் போகும். கூரை இல்லை, கதவு இல்லை, முன் கண்ணாடிகூட இல்லை. டிரைவர் ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்து, தலையிலும் முகத்திலும் துண்டைச் சுற்றி, கண்ணுக்கு மட்டும் கண்ணாடி போட்டிருப்பார். ஜாம்ஷெட்பூரிலிருந்து வெயிலிலும் மழையிலும் அப்படியே ஓட்டிக்கொண்டு நாமக்கல்லுக்கு வருவார்கள், பாடி கட்ட. சில வாரம் கழித்து அதே வண்டி வண்ணம் பூசி, மாலை போட்டுக்கொண்டு வெளியே வரும். லாரி ஃபேக்டரியில் பிறக்கிறது என்று எனக்கு யாராவது சொன்னால் நம்பியிருக்க மாட்டேன். எங்கள் தச்சர்களும் டிங்கரிங் ஆட்களும்தான் லாரியைச் செய்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். கேபினும் சரக்கு ஏற்றும் தொட்டியும் கதவும் அவர்கள் கைவேலைதானே.

டயருக்கு வருவோம். ஏழு வேண்டும், ஆறும் ஸ்டெப்னியும். ஏழையும் கையால் செதுக்கினால் ஏழும் ஏழு மாதிரி இருக்கும். அதனால் ஒன்று செய்து, சிலிகான் அச்சு எடுத்து, அதில் ரெசின் (ஊற்றினால் இறுகிவிடும் பிளாஸ்டிக் திரவம்) ஊற்றினேன். இதில் ஒரு விஷயம்: முன் டயரில் கோடுகள் சுற்றிலும் நீளவாக்கில் ஓடும், பின் டயரில் பட்டன்கள் குறுக்காக, மண்ணைக் கவ்வுகிற மாதிரி இருக்கும். லாரிக்காரர்கள் அப்படித்தான் மாட்டுவார்கள். ஆக, இரண்டு மாதிரி, இரண்டு அச்சு. பின் டயர் பட்டன்களை ஒவ்வொன்றாக வெட்டி ஒட்ட ஆறு இரவுகள் போயின.

சிலிகானை மேலே உயரமாகப் பிடித்து நூல் மாதிரி ஒரே மூலையில் ஊற்ற வேண்டும். அப்போதுதான் உள்ளே இருக்கும் காற்று வழியிலேயே உடையும். மேஜையைக் கொஞ்ச நேரம் கீழிருந்து தட்டிக் கொடுக்க வேண்டும். அச்சு நன்றாக வந்தது. ரெசின்தான் கெட்டது. நான் ஊற்றிய நாள் அடைமழை. பாலியூரிதேன் ரெசினுக்கு ஈரம் ஆகாது, தண்ணீர் பட்டால் உள்ளே வாயு உண்டாகி நுரைத்துவிடும். முதல் மூன்று டயரும் பொரி உருண்டை மாதிரி ஓட்டை ஓட்டையாக வந்தன. வெயில் வரும் வரை காத்திருந்து, ரெசின் பாட்டிலையும் அச்சையும் டப்பாவில் சிலிகா ஜெல் பைகளோடு அடைத்து வைத்து, பிறகு ஊற்றினேன். அதன்பின் பிரச்சினை இல்லை. நுரைத்த மூன்றில் ஒன்றை எடுத்து பட்டி பார்த்து, பட்டன் தெரியாமல் உப்புத்தாளில் தேய்த்து ஸ்டெப்னி ஆக்கினேன். அப்பா வண்டியின் ஸ்டெப்னி எப்போதும் வழுக்கையாகத்தான் இருக்கும்.

பின்னால் இரட்டைச் சக்கரத்தில் உள் டயர் வெளியே தெரியாது. அதையும் முழுதாகவே வைத்தேன். வண்டி எங்கே நின்றாலும் கிளீனர் அண்ணன் இறங்கியதும் முதல் வேலையாக லீவர் கம்பியால் ஒவ்வொரு டயராகத் தட்டிக்கொண்டே சுற்றி வருவார். காற்று இருந்தால் ‘டிண்’ என்று கம்பி துள்ளும், இல்லாவிட்டால் ‘தொப்’பென்று அமுங்கும். உள் டயருக்கு மட்டும் குனிந்து, கையை நீட்டி, காதைச் சாய்த்து இரண்டு முறை தட்டுவார். அந்த டயரை இல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

இப்போது மூக்கு. பால்ஸா மரத்தில் பானெட்டைச் செதுக்கி, மேலே எம்-சீல் பூசி, தண்ணீரில் வாட்டர் பேப்பர் போட்டு இழைத்தேன். முன்பக்கம் உருண்டு இறங்கும் வளைவு, இரண்டு பக்கமும் மட்கார்டு, நடுவில் கிரில். எட்டு நாள் வேலை. கண்ணை மூடினால் தெரியும் வண்டி, கை தானாகப் போயிற்று. முடித்துச் சேசிஸ் மேல் வைத்தபோது ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. இதுதான் அந்த வண்டி என்று தோன்றியது.

அடுத்த வாரம் ராசிபுரம் பக்கம் ஒரு தண்ணீர் லாரி கண்ணில் பட்டது. அதே முகம். தொட்டியை எடுத்துவிட்டு டேங்க் ஏற்றியிருந்தார்கள். உரிமையாளரிடம் விஷயத்தைச் சொன்னேன், “தாராளமா அளந்துக்குங்க, வண்டி எங்கேயும் ஓடிடாது” என்றார். டேப்பைப் பிடிக்க ஒரு பையனையும் கூட அனுப்பினார். தரையிலிருந்து பானெட் உச்சி வரை அளந்து, 24ஆல் வகுத்து, வீட்டுக்கு வந்து மாடலில் வைத்துப் பார்த்தேன். என் பானெட் 9 மி.மீ. உயரம் அதிகம். நிஜ வண்டியில் அது 216 மி.மீ. கிட்டத்தட்ட ஒரு சாண்.

அகலத்தில் தப்பில்லை, நீளத்தில் தப்பில்லை. உயரம் மட்டும் ஒரு சாண் கூடுதல். இரண்டு நாள் அதைத் தொடவில்லை. அப்புறம் அரத்தை எடுத்து இறக்கினேன். எம்-சீல் காய்ந்தால் கல், மேல் தோலை முழுதும் உரித்துவிட்டு மறுபடி பூச வேண்டியிருந்தது. சரியான அளவுக்கு வந்த பிறகு வைத்துப் பார்த்தால், அது யாரோ ஒருவருடைய லாரி. டேப் பொய் சொல்லாது, போட்டோவோடும் பொருந்துகிறது. ஆனால் அப்பா வண்டி என்று மனம் ஒப்பவில்லை. அந்தக் குறையோடேதான் மேலே வேலை செய்தேன்.

கேபின் உள்ளே இரண்டு சீட்டுக்கும் நடுவே எஞ்சின் மூடி. ஸ்டைரின் தகட்டில் பெட்டி மாதிரி செய்து, ஓரத்தில் கொக்கிகள் வைத்தேன். பள்ளி லீவில் அப்பாவோடு போகும்போது என் இடம் அதுதான். நான்காக மடித்த சாக்கு, அதற்கு மேல் அப்பாவின் பழைய வேட்டி, அதற்கு மேல் நான். கீழே எஞ்சின் கொதிக்கும். சேலத்து ஜவ்வரிசியை ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிரம் போகிற லோடு என்றால் தர்மபுரி வரை என்னைக் கூட்டிப்போய், எதிரே வரும் தெரிந்த வண்டியில் திருப்பி அனுப்புவார். திரும்பும்போது தொப்பூர் இறக்கம். எந்த கியரில் ஏறுகிறோமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும் என்பது டிரைவர்கள் எல்லாரும் சொல்வது. எஞ்சின் முழங்கும், மூடி அதிரும், அந்த அதிர்வு பல் வரை வரும். மூடியின் மேல் மடித்த சாக்கு ஒன்றையும் மாடலில் வைத்திருக்கிறேன். பேண்டேஜ் துணியை ஃபெவிகால் தண்ணீரில் நனைத்து, மடித்து, டீத்தூள் சாயம் கொடுத்தது. 20 மி.மீ.கூட இல்லை.

கண்ணாடி ஒட்டும்போது ஒரு விபத்து. அவசரத்தில் முன் கண்ணாடிக்கு ஃபெவிக்விக் போட்டுவிட்டேன். காலையில் பார்த்தால் மார்கழிப் பனி படிந்த மாதிரி முழுதும் வெளுத்திருந்தது. அந்தப் பசையின் ஆவி பட்டால் தெளிந்த பிளாஸ்டிக் அப்படித்தான் ஆகும், துடைத்தால் போகாது. பிய்த்து எறிந்துவிட்டு வேறு வெட்டி, ஃபெவிகாலில் ஒட்டினேன். அது காய்ந்ததும் நிறமற்றுப் போகும், கண்ணாடியையும் கெடுக்காது. கண்ணாடி சம்பந்தப்பட்ட இடத்தில் வேகமாகக் காயும் பசையைக் கிட்டவே கொண்டு போகாதீர்கள்.

பாடி 17 அடி, மாடலில் சுமார் 21.5 செ.மீ. 1 மி.மீ. மரத்தகட்டில் பலகைகள், வெளியே ஸ்டைரின் சட்டங்கள். நிறத்துக்குச் சட்டமே இருந்தது. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி நேஷனல் பர்மிட் லாரியின் (பல மாநிலங்களில் ஓட அனுமதி பெற்ற லாரியின்) பாடிக்குக் காய்ந்த இலையின் பழுப்பு, 30 செ.மீ. அகலத்தில் வெள்ளைக் கரை, பக்கங்களில் 60 செ.மீ. வட்டத்துக்குள் நேஷனல் பர்மிட் என்ற எழுத்து. அந்த நாளில் ரோட்டைப் பார்த்தால் பழுப்பு பழுப்பாகப் போகும். மாடலில் கரை 12.5 மி.மீ., வட்டம் 25 மி.மீ. தொண்ணூறுகளில் வந்த எவர்சில்வர் ஒரு ரூபாய் நாணயம் சரியாக 25 மி.மீ., அதையே வைத்து வட்டம் போட்டுக்கொண்டேன். பழுப்பு நிறத்துக்கு வாசலில் உதிர்ந்த பாதாம் இலை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக் கலந்தேன். இலைக்குச் சரியாக வந்த பிறகு கொஞ்சம் வெள்ளை சேர்த்தேன். சின்னப் பொருளில் நிஜ நிறத்தையே பூசினால் அடர்த்தியாகத் தெரியும், கொஞ்சம் வெளுத்திருந்தால்தான் தூரத்தில் நிற்கிற வண்டி மாதிரி இருக்கும். எழுத்துகள் கையால் எழுதியவை. வீட்டு பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. பிரஷ்ஷில் நான்கைந்து முடி விட்டு மற்றதை வெட்டிவிட்டேன். பின் பலகையில் ‘சவுண்ட் ஹாரன்’, அதன் கீழே ‘நாம் இருவர் நமக்கு இருவர்’, சிவப்பு முக்கோணம். நிஜ லாரியில் எழுதுகிற ஓவியர்கள் கோடுகூடப் போடாமல் ஒரே இழுப்பில் எழுதுவார்கள். எனக்கு ஒவ்வோர் எழுத்துக்கும் மூச்சைப் பிடிக்க வேண்டியிருந்தது.

தார்ப்பாய் டிஷ்யூ பேப்பர், ஃபெவிகால் தண்ணீரில் நனைத்து மடித்து கேபின் மேல் வைத்தது. கயிறு பருத்தி நூல். அப்படியே வைத்தால் நூலில் முடி முடியாக நிற்கும், மெழுகில் ஒரு முறை இழுத்தால் படிந்துவிடும். தட்டுமுட்டுச் சாமான்கள் எல்லாம் ஒரு வாரத்தில் முடிந்தன: ஜாக்கி, மண்ணெண்ணெய் ஸ்டவ், தண்ணீர்க் கேன், சக்கரத்துக்கு வைக்கும் முட்டுக்கட்டை.

எல்லாம் முடிந்து போட்டோ எடுக்க உட்கார்ந்தேன். மேலிருந்து எடுத்தேன், பக்கத்திலிருந்து எடுத்தேன். நல்ல மாடல், ஆனால் அதே குறை. அப்போதுதான் பழைய போட்டோவில் படியில் உட்கார்ந்திருக்கும் என்னைக் கவனித்தேன். ஆறு வயதுப் பிள்ளை நின்றால் கண் தரையிலிருந்து சுமார் 105 செ.மீ. உயரத்தில் இருக்கும். டயரின் உச்சியே 102 செ.மீ. நான் அந்த வண்டியை எப்போதும் டயர் உயரத்திலிருந்து அண்ணாந்துதான் பார்த்திருக்கிறேன். 105ஐ 24ஆல் வகுத்தால் 4.4 செ.மீ. போனைத் தலைகீழாகத் திருப்பினால் லென்ஸ் மேஜைக்குப் பக்கத்தில் வரும். ஸ்கேலை நிறுத்தி, லென்ஸ் 4.4 செ.மீ.யில் இருக்கும்படி புத்தகம் அடுக்கி, மூக்குக்கு எதிரே ஐந்து அங்குலம் தள்ளி வைத்து எடுத்தேன்.

திரையில் பானெட் எழுந்து நின்றது. மேலே கேபினின் கூரை தெரியவில்லை, கண்ணாடியில் பாதிதான் தெரிந்தது. கிரில் சுவர் மாதிரி வந்தது. நான் செதுக்கி, பிறகு அரத்தால் எடுத்துப் போட்ட அந்த ஒரு சாண் அங்கே இருந்தது. ரொம்ப நேரம் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மாடலை இப்போது பீரோவுக்கு மேல், என் தலைக்கு மேலே வைத்திருக்கிறேன். மேஜையில் வைப்பதில்லை.

ஊருக்கு எடுத்துப்போய் அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கி, சுற்றிச் சுற்றிப் பார்த்தார். உள்ளே இருந்த சாக்கைக் கண்டுபிடித்துவிட்டார். அப்புறம் கிளீனர் பக்கம் திருப்பி, அங்கே நான் கம்பி வளைத்து வைத்திருந்த பக்கக் கண்ணாடியை விரலால் தொட்டார்.

“ஏன் சாமி, அப்பா வண்டிக்கு இந்தப் பக்கம் ஏது கண்ணாடி? அந்தப் பையன் தலையை வெளிய நீட்டி வா வா, போலாம் ரைட்டுன்னு சத்தம் போடுவானே, அதானே கண்ணாடி.”

போட்டோவை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பக்கம் வாழை இலை மறைத்திருந்தது. அதில் தெரியாததை நானாக வைத்துவிட்டேன். அன்று ராத்திரியே கம்பியைப் பிடுங்கி, துளையில் துளி எம்-சீல் வைத்து அடைத்தேன். காய்ந்ததும் தேய்த்து, பழுப்பு தொட்டு வைத்தேன். பக்கத்தில் வந்து பார்த்தால் மட்டும் ஒரு சின்னப் புள்ளி தெரியும்.